மாதா தூணின் சுற்றளவு

போன மாதம் ஒருநாள் காலை மூலக்குளத்தில் என் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. நான் வேலை பார்த்த அலுவலகத்தில் இப்போது இருக்கும் இளம் பொறியாளர் விக்னேஷ்.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க டிராயிங்ல ஒரு தப்பு இருக்குது.”

ஆயுள் முழுக்கப் படம் வரைந்து ஓய்வு பெற்ற ஒருத்தியிடம் சொல்லக்கூடாத வாக்கியம் இது. எனக்குச் சுருக்கென்றது.

“எந்த டிராயிங்?”

“வாய்க்காலுக்கு இந்தாண்ட இருக்கற மாதா கோயில் மேடம். லேசர் மெஷின் வெச்சு மறுபடியும் அளக்கறோம். மத்ததெல்லாம் உங்க அளவோட கச்சிதமா ஒத்துப்போவுது. பொம்பளைங்க பக்கம் ரெண்டாவது தூணு மட்டும் நீங்க போட்டதவிடப் பெருசா வருது. மெஷின் தப்பு பண்ணாது மேடம். அப்புறம், அதுக்கு மேல வளைவுல யாரோ கண்ணாடித் துண்டு ஒட்டி வெச்சிருக்காங்க. எடுத்துடலாமா?”

“கண்ணாடியத் தொட்ட, கைய ஒடிச்சுடுவேன். தூண நான் வந்து பாக்கறேன்.”

போனை வைத்தபிறகு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கு ஒரே வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தத் தூண் ஒரு வரியில் அடங்காது என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பழைய கட்டடங்களை அளந்து, படம் வரைந்து, பழுது பார்க்கிற ஓர் அலுவலகத்தில் நான் வரைவாளராக இருந்தேன். பெயர் தனலட்சுமி. வில்லியனூர்ப் பக்கத்தில் நெல்லும் மணிலாக் கொட்டையும் போடுகிற குடும்பம் எங்களுடையது. தொழிற்பயிற்சி நிலையத்தில் கட்டட வரைவு படித்ததும், முதல் இரண்டு வருடம் அலுவலகத்தில் பென்சில் சீவியதும் சொல்லிக்கொள்ளும்படியான கதை இல்லை. அந்துவான் சாரிடம் என்னை மாற்றிப் போட்ட நாளில்தான் வேலை என்றால் என்ன என்று தெரிந்தது.

அந்துவான் சார் எங்கள் பொறியாளர். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். வீட்டில் பிரெஞ்சு, தெருவில் தமிழ், கோப்பில் ஆங்கிலம் என்று மூன்றையும் கலக்காமல் வைத்திருந்தார். கலந்த ஒரே வார்த்தை ‘தூஸ்மான்’. பிரெஞ்சில் மெதுவாக என்று அர்த்தம். நான் வேகமாக நாடாவை இழுத்தால் தூஸ்மான். டீக்கடைக்காரர் கிளாஸை டக்கென்று வைத்தாலும் தூஸ்மான். முதுகுக்குப் பின்னால் நாங்கள் அவரைத் தூஸ்மான் துரை என்றுதான் சொல்வோம். அவருக்கும் அது தெரியும்.

எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் அவர் முதலில் செய்கிற காரியம் ஒன்று உண்டு. சட்டைப் பையிலிருந்து பேனாவையும் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் எடுத்து என்னிடம் கொடுப்பார். செருப்பைக் கழற்றுவார். கட்டடத்தின் நடுவில் தரையில் மல்லாந்து படுத்துவிடுவார். சந்தைக் கூடமோ பழைய பள்ளிக்கூடமோ, யார் பார்த்தாலும் சரி, படுத்துக்கொண்டு மேலே பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த நேரத்தில் நாங்கள் பேசக்கூடாது. எழுந்ததும் அவர் கேட்கிற கேள்வி, “இன்னா பாத்த தனம்?” என்பதுதான். என்ன நினைக்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. நினைத்ததைச் சொன்னால், “அது அப்புறம். பாத்தத சொல்லு” என்பார்.

அளக்கும் முறையிலும் அவர் ரொம்பக் கண்டிப்பு. ஒருவர் நாடாவின் நுனியைப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் அளவைப் படித்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும். எழுதுகிறவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுத வேண்டும். பிறகு ஆள் மாறி, எதிர்ப்பக்கமிருந்து இன்னொரு முறை. இரண்டு அளவும் ஒத்துவராவிட்டால் இரண்டையும் அடித்துவிட்டு முதலிலிருந்து. ஆகவே என் டிராயிங்கில் தப்பு என்று விக்னேஷ் சொன்னபோது எனக்கு ஏன் சுருக்கென்றது என்று இப்போது புரிந்திருக்கும்.

அந்த மாதா கோயிலுக்கு நாங்கள் போனது ஏறத்தாழ இருபது வருடங்களுக்கு முன்னால். கடற்கரைப் பக்கத்து வெள்ளைக்காரத் தெருக்களில் இருக்கிற கோயில் இல்லை அது. ஊரை இரண்டாகப் பிரிக்கிற வாய்க்காலுக்கு மேற்கே, வீடுகளும் மளிகைக் கடைகளும் நெருக்கியடிக்கிற தெருவில், வெளியிலிருந்து பார்த்தால் அரைகுறையாக நிற்கிற பங்குக் கோயில். முகப்பில் இரண்டு கோபுரத்துக்கு அடித்தளம் போட்டுவிட்டு, கையில் காசு தீர்ந்து ஒன்றோடு நிறுத்திவிட்டார்கள். முதலில் அங்கே ஓலை வேய்ந்த கோயில் இருந்தது என்றும், பழைய சண்டை ஒன்றில் அது எரிந்து, செங்கல்லும் சிப்பிச் சுண்ணாம்பும் கொண்டு இதை எழுப்பினார்கள் என்றும் சொல்வார்கள்.

வெளியில் பார்த்து, ‘இதை அளக்கவா இத்தனை பேர்’ என்று நினைத்துக்கொண்டுதான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். போனவள் வாசலுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். கையிலிருந்த நாடா சரசரவென்று அவிழ்ந்து தரையில் ஓடியதுகூடத் தெரியவில்லை.

இரண்டு வரிசையாக உருண்டைத் தூண்கள். தூணுக்குத் தூண் அரைவட்ட வளைவு. அதற்கு மேலே, ஒரு பெரிய பீப்பாயை நீளவாக்கில் பாதியாக அறுத்துக் கவிழ்த்தது போலக் கூரை. அந்தக் கூரையில் ஓர் உத்தரம் இல்லை, ஒரு துண்டு இரும்பு இல்லை. வெறும் செங்கல். ஒரு செங்கல் பக்கத்துச் செங்கல்லின்மேல் சாய்கிறது, அது அடுத்ததன்மேல். அந்தச் சாய்மானம் வளைவு வழியாக இறங்கித் தூணுக்கு வந்து, தூண் வழியாக மண்ணுக்குள் போகிறது. இதெல்லாம் நான் பாடத்தில் படித்ததுதான். ஆனால் அதற்குக் கீழே நின்றபோது, இத்தனை பாரம் தலைக்கு மேலே இப்படிச் சத்தமில்லாமல் நிற்க முடியுமா என்று உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றும்போது வருகிற சிலிர்ப்பு அது. மேலே நிறக் கண்ணாடி வழியாக வந்த சிவப்பும் நீலமும் தூண்கள்மேல் விழுந்து கிடந்தன. அந்துவான் சார் அதற்குள் படுத்துவிட்டிருந்தார்.

எங்களை அங்கே அனுப்பிய காரணம் அப்படி ரசிக்கிற விஷயமாக இல்லை. இடது வரிசையில், பெண்கள் உட்காருகிற பக்கம், மாதா சுரூபத்துக்கு எதிரே இருந்த இரண்டாவது தூண் வயிறு தள்ளியிருந்தது. அடியிலும் தலையிலும் மற்ற தூண்கள் மாதிரியே இருந்து, நடுவில் மட்டும் உப்பியிருந்தது. பாரம் தாங்காமல் நசுங்குகிற தூண் அப்படித்தான் உப்பும். போதாததற்கு அதற்கு மேலே வளைவில் ஒரு விரிசல். அந்தக் கோயிலைச் சேர்ந்த பங்குக்காரர்கள் ஏற்கெனவே ஒரு தனியார் பொறியாளரைக் கூட்டிவந்து காட்டியிருந்தார்கள். கோயிலைப் பூட்டிவிட வேண்டும், கூரையை இறக்கிவிட்டுக் கான்கிரீட்டில் புதிதாகக் கட்ட வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார். எங்கள் அலுவலகத்தின் கருத்தையும் கேட்டுவிட்டு, திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன் முடிவெடுப்பது என்று வைத்திருந்தார்கள்.

பங்குச் சாமியார் வேறு ஊரிலிருந்து மாற்றலாகி அப்போதுதான் வந்திருந்தார். நல்ல மனிதர், ஆனால் முகத்தில் தூக்கமே இல்லை.

“பூசை நடக்கறப்ப மேல இருந்து ஒரு செங்கல் விழுந்தா நான்தானே சார் பதில் சொல்லணும்? எனக்கும் இடிக்க மனசில்ல. ஆனா அந்த இன்ஜினியர் சொன்னதக் கேட்டதிலேருந்து தூணப் பாக்கவே பயமா இருக்கு” என்றார்.

“தூண் உப்பறது எப்பலேருந்து?” என்று சார் கேட்டார்.

பின்னால் கூடையை இறக்கி வைத்துவிட்டு மாதாவைக் கும்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மீன்காரம்மா திரும்பிப் பார்த்து, ஏதோ பெருமையான சங்கதியைச் சொல்வது போலச் சொன்னார். “அது மாதா தூணு சார். வருசா வருசம் வளருது! எங்கம்மா காலத்துல ரெண்டு கையால கட்டிப் புடிச்சா விரலு ஒட்டுமாம். எனக்கு எட்ட மாட்டேங்குது. அந்த இன்ஜினியருகிட்டயும் சொன்னேனே!”

சொன்னாராம்! வருடா வருடம் தூண் பருத்துக்கொண்டே போகிறது என்று பக்தியோடு போய் ஒரு பொறியாளரிடம் சொன்னால் அவர் என்ன செய்வார்? வெலவெலத்துப் போய் இடிக்கத்தான் சொல்வார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

அந்த அம்மா பெயர் பூங்காவனம். கடலோரக் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவந்து டவுனில் விற்கிறவர். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், இல்லை. நெற்றியில் குங்குமம் ஒரு ரூபாய் அளவுக்கு இருந்தது. அவரை உட்காரவைத்துச் சார் ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்போதுதான் அந்தத் தூணுக்கு ஒரு வழக்கம் இருப்பது தெரிந்தது.

கோயில் கட்டும்போது ஒருநாள் சாரம் சரிந்துவிட்டதாம். சுண்ணாம்பு சுமந்துகொண்டிருந்த சித்தாள் பெண் ஒருத்தி அந்தத் தூணோரம் ஒண்டிப் பிழைத்தாளாம். பிழைத்த வேகத்தில் கூடையிலிருந்த சுண்ணாம்பைக் கையால் அள்ளித் தூணில் அப்பிவிட்டுக் கும்பிட்டாளாம். அன்றிலிருந்து கொடியேற்றத்துக்கு முதல் நாள், வேண்டுதல் இருக்கிற பெண்கள் ஒரு கை சுண்ணாம்பு கொண்டுவந்து அந்தத் தூணில் தடவுகிறார்கள். அவசர வேண்டுதல் என்றால் எந்த நாளிலும் தடவலாம். மறுநாள் கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை மட்டையால் ஒரு தீற்று தீற்றிச் சமன் செய்துவிடுவார். இன்னும் ஒன்று: அந்தத் தூணில் இரும்பு படக்கூடாது. அதனால் முன்பு வந்த தனியார் பொறியாளரை ஓர் ஆணிகூட வைத்துப் பார்க்கப் பெண்கள் விடவில்லை.

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. “ஏம்மா, நீங்க பூசறதுனாலதானே அது வளருது?” என்றேன்.

பூங்காவனம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஒரு கை சுண்ணாம்பு எம்மாந் தடிமன் இருக்கும்? நகக்கண்ணு அழுக்கு அளவு. அதுலயா இம்மாம் பெரிய வயிறு வரும்? படிச்ச பொண்ணுதானே நீ?”

சார் எழுந்துபோய்த் தூணில் காதை வைத்து முட்டியால் தட்டினார். தொப் தொப் என்று கேட்டது. வெளிப்பூச்சு விட்டிருந்தாலும் அந்தச் சத்தம் வரும். உள்ளே செங்கல் நொறுங்கியிருந்தாலும் அதே சத்தம்தான். “தனம் சொல்றது சரியா இருக்கலாம்” என்றார். “இருக்கலாம்னு கையெழுத்து போட முடியாது. கீழ ஐந்நூறு பேரு உக்காருவாங்க. ஒரு எடத்துல தொறந்து பாத்தே ஆவணும்.”

பூங்காவனத்தின் முகம் மாறிவிட்டது. தூணில் மார்பளவு உயரத்தில் புதுச் சுண்ணாம்பு ஒன்று கை அகலத்துக்குப் பளிச்சென்று இருந்தது. அது அவர் வைத்தது. அவருடைய மகள் கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குப் பிறகு காய்ச்சல் இறங்காமல் கிடந்தாள். முந்தின நாள்தான் வேண்டிக்கொண்டு தடவியிருக்கிறார். மகள் வீடு வந்து சேருகிறவரை அந்தச் சுண்ணாம்பு உதிரக்கூடாது.

“அதச் சொரண்டுனா எம் பொண்ணு உசுரச் சொரண்டுற மாதிரி சார்” என்று தூணை மறைத்துக்கொண்டு நின்றார். உள்ளே இருந்த மற்றப் பெண்களும் வந்து அவரோடு நின்றுகொண்டார்கள். வேறு இடத்தில் திறக்கலாமே என்று நான் மெதுவாகச் சாரிடம் கேட்டேன். தூண் அதிகம் உப்பியிருந்த இடம் அதுதான். அங்கே பார்க்காமல் வேறெங்கே பார்த்தும் பயனில்லை. அதோடு, எந்த இடத்தில் கை வைத்தாலும் அது யாரோ ஒரு பெண் வைத்த சுண்ணாம்பாகத்தான் இருக்கும்.

நான் வேறு எந்த அதிகாரியிடம் வேலை பார்த்திருந்தாலும் அந்த இடத்தில் சாமியாரைக் கூப்பிட்டிருப்பார்கள், இல்லையென்றால் போலீஸைக் கூப்பிட்டிருப்பார்கள். அந்துவான் சார் பேனாவையும் கூட்டையும் என்னிடம் கொடுத்துவிட்டு, பூங்காவனத்தின் காலடியில், அந்தத் தூணுக்கு நேர் கீழே மல்லாந்து படுத்தார்.

“ஐயையோ, எழுந்திரு சார், இன்னா இது!”

“இருக்கட்டும்மா. இங்க படுத்தா எனக்குப் பயமா இருக்கா இல்லையான்னு பாக்கறேன்” என்றார், மேலே பார்த்தபடியே. “உம் பொண்ணுக்கு நான் ஒண்ணும் சொல்ல முடியாது. எனக்கு அது தெரியாது. தொறந்து பாக்காம போனா இவங்க கூரைய எறக்குவாங்க, தூணும் போயிடும், உன் சுண்ணாம்பும் போயிடும். அது தெரியும். நீ வேணாம்னா நான் தொட மாட்டேன். அப்பிடியே எழுந்து போயிடுவேன்.”

நிஜமாகவே போயிருப்பார். வெளியே தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. பூங்காவனம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“நாளைக்கு வா சார். நானே எடுக்கறேன்.”

மறுநாள் அவர் மீன்கூடை இல்லாமல் வந்தார். கையில் ஒரு பெரிய சிப்பி. இரும்பு படக்கூடாது, சிப்பி படலாம் என்று அவரே முடிவு செய்திருந்தார். கீழே வெள்ளை வேட்டி ஒன்றை விரிக்கச் சொன்னார், ஒரு பொடிகூடத் தரையில் விழக்கூடாது. சாமியார் வந்திருந்தார். அந்தத் தனியார் பொறியாளரையும் சார் கூப்பிட்டிருந்தார். பூங்காவனம் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு, தான் வைத்த சுண்ணாம்பைச் சிப்பியால் வழித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

பிறகு வேலை தொடங்கியது. உள்ளங்கை இரண்டை விரித்து வைத்த அளவுக்குப் பூச்சில் ஒரு சன்னல் திறக்க வேண்டும். சிப்பியால் நெம்பினால் சுண்ணாம்பு வெங்காயச் சருகு போல ஏடு ஏடாகக் கழன்று வந்தது. வெள்ளை, அதற்குக் கீழே இன்னொரு வெள்ளை, நீலம் கலந்த ஒன்று, காவி தோய்ந்த ஒன்று, மெழுகுவர்த்திப் புகை ஏறிக் கறுத்த ஒன்று. ஓர் ஏட்டைக் கழற்றியதும் எல்லோரும் நிறுத்திவிட்டோம். அதற்கு அடியில் நான்கு விரல்கள் இழுத்த தடம் அப்படியே இருந்தது. யாரோ ஒரு பெண் தடவிவிட்டுப் போனது, சமன் செய்யும் மட்டை தவறவிட்டது. சின்னக் கை. பூங்காவனம் தன் விரல்களை அந்தத் தடத்தில் வைத்துப் பார்த்தார். “பொருந்துது” என்றார்.

உள்ளே போகப் போகத் தடங்கள் வந்துகொண்டே இருந்தன. நான்கு விரற்கடை ஆழத்துக்கு வெறும் வேண்டுதல்கள். யார் யாருக்காகவோ அழுதுகொண்டு வந்தவர்கள், காய்ச்சலுக்கும் கடலுக்கும் பிள்ளைக்கும் வேண்டியவர்கள், இப்போது அவர்களும் இல்லை, அவர்கள் வேண்டிக்கொண்டவர்களும் இல்லை. நகக்கண் அழுக்கு அளவுள்ள அந்தச் சுண்ணாம்பு மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றது. என் வாழ்க்கையில் எத்தனையோ சுவர்களைத் திறந்து பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

கடைசி ஏடு கழன்றபோது சிப்பி வழுக்கியது. உள்ளே தூண் இருந்தது. கட்டியவர்கள் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய அசல் பூச்சு, சலவைக்கல் போல, முகம் தெரிகிற பளபளப்போடு இருந்தது. நொறுங்கல் இல்லை, ஒரு கீறல் இல்லை. சார் வளைவின் அடியிலிருந்து, நேர் பார்க்கிற குண்டுநூலைத் தொங்கவிட்டார். நூலுக்கும் அந்த அசல் பூச்சுக்கும் இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருந்தது. நான் அளவு சொன்னேன், எழுதியவர் திருப்பிச் சொன்னார். ஆள் மாறி மறுபடியும் அளந்தோம். ஒத்துவந்தது.

அந்தப் பொறியாளர் சன்னலுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். “நான் இதத் தொட்டே பாக்கல சார்” என்றார். “விட்டிருந்தா பாத்திருப்பீங்க” என்றார் அந்துவான் சார். தன் அறிக்கையைத் திருத்தி எழுதும் வேலையை அந்தப் பொறியாளரே எடுத்துக்கொண்டார். வளைவின் விரிசலுக்குள்ளும் பழைய வெள்ளைப் பூச்சு ஏறியிருந்தது, அதனால் அதுவும் பழைய விரிசல் என்று தெரிந்தது. ஆனாலும் சார் அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டச் சொன்னார். கட்டடம் இம்மி நகர்ந்தாலும் கண்ணாடி தெறித்துவிடும்.

சன்னலை அப்படியே விட்டு, கண்ணாடி போட்டு மூடினால் வருகிறவர்கள் அசல் தூணைப் பார்க்கலாம் என்று நான் ஆசைப்பட்டேன். அதற்குப் படம்கூட மனதில் வரைந்துவிட்டேன். ஆனால் வேட்டியில் சேர்ந்திருந்த தூளைப் பெண்கள் ஏற்கெனவே அம்மியில் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தார்கள். புதுச் சுண்ணாம்பில் அதைக் குழைத்து அன்று சாயங்காலத்துக்குள் சன்னலை அடைத்துவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலே பூங்காவனம் முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தன்னுடையதைத் தடவினார்.

கொடி ஏறியது. திருவிழா நடந்தது. தேர் தெருவைச் சுற்றி வந்தது. மகள் கோரிமேட்டிலிருந்து குழந்தையோடு வீடு திரும்பினாள். மருந்தாலா, சுண்ணாம்பாலா என்று நான் கேட்கவில்லை. ஆனால் தூண் வளர்வது தங்கள் கையால்தான் என்று கண்ணாரப் பார்த்த பிறகும் பூங்காவனம், “மாதா தூணு வளருது” என்பதை மாற்றிச் சொல்லவில்லை. சாரிடம் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “வளருதுதானே தனம்?” என்றார். அந்தத் தூணைப் படத்தில் வயிற்றோடேயே வரையச் சொன்னார். வரைந்தேன்.

அந்துவான் சார் காலமாகி ஆறேழு வருடம் ஆகிறது. அந்தக் கோயிலில்தான் அடக்கப் பூசை வைத்தார்கள். பெட்டியை நடுப்பாதையில் வைத்தபோது அவர் வழக்கமாகப் படுக்கிற இடத்தில்தான் படுத்திருக்கிறார் என்று தோன்றி எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

விக்னேஷ் கூப்பிட்டதற்குப் பிறகு, கொடியேற்றத்துக்கு முதல் நாளாகப் பார்த்து நான் போனேன். உள்ளே நுழைந்ததும் இப்போதும் வாசலில் ஒரு நிமிடம் நிற்கத்தான் வேண்டியிருந்தது. வளைவில் கண்ணாடித் துண்டு தூசி படிந்து, முழுசாக இருந்தது. தூணைச் சுற்றிப் பெண்கள் கூட்டம். விக்னேஷ் முக்காலியில் மெஷினை நிறுத்திக்கொண்டு காத்திருந்தான். நான் பையிலிருந்து என் பழைய நாடாவை எடுத்துத் தூணைச் சுற்றிப் பிடித்தேன். மெஷின் சொன்னது சரி. என் படமும் சரி. நடுவில் இருபது கொடியேற்றங்கள்.

“அந்தப் பொண்ணா நீ? நரைச்சுப் பூட்டியே!”

பூங்காவனம். முதுகு வளைந்திருந்தது, குங்குமம் மட்டும் அதே அளவு. கூடவே ஓர் இளம்பெண் நின்றாள். கோரிமேட்டில் பிறந்த அந்தக் குழந்தை. கல்லூரியில் படிக்கிறாளாம். கையில் தொன்னையில் சுண்ணாம்பு வைத்திருந்தாள்.

“இன்னும் அளந்துகினுதான் இருக்கியா?” என்றார் பூங்காவனம். “அளந்துட்டே இருந்தா ஆச்சா? நீயும் ஒரு கை வையேன்.”

இத்தனை வருடத்தில் நான் வைத்ததில்லை. அளக்கிறவள் அளக்கும் பொருளை மாற்றக்கூடாது என்று ஒரு கட்டுப்பாடு. இப்போது எனக்கு எந்த அலுவலகமும் இல்லை. நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டேன். தொன்னையிலிருந்து விரல்களால் கொஞ்சம் எடுத்துத் தூணில் வைத்து இழுத்தேன். குளிர்ச்சியாக இருந்தது. யாருக்காக வேண்டிக்கொண்டேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

திரும்பி விக்னேஷைப் பார்த்தேன். அவன் என் கையையும் தன் மெஷினையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“உன் படத்துல தேதி போட்டியாப்பா?” என்றேன். “போட்டுடு. இப்ப உன்னுதும் தப்பாயிடுச்சு.”